பழகாத மூக்கு

தொலைபேசி அலறியது.

"இன்ஸ்பெக்டர் சார், எங்க ஆய்வுக்கூடத்துல இன்னைக்கு ஒரு திருட்டு. திருடினவளைப் பிடிச்சு வச்சிருக்கேன், வாங்க."

பேசியவர் இயக்குநர். இன்ஸ்பெக்டர் விரைந்து சென்றார். குளிரூட்டிய சிற்றறை. மேசைமேல் ஒரு காலிக் குப்பி... எதிரே ஓர் இளம்பெண் விஞ்ஞானி.

"இவ கைப்பையில இருந்துச்சு. மருந்தை வேற பாட்டிலுக்கு மாத்திட்டா."

"நான் தொடவே இல்ல சார்." அவள் நேராகப் பார்த்தே சொன்னாள். "திருடிங்கற பேர் வந்துட்டா, இனி எந்த ஆய்வுக்கூடத்துலயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

இயக்குநர் வக்கீலை அழைக்க வெளியே சென்றார்.

"அப்படி என்னம்மா மருந்து?"

"வாசனை மூக்குல இருக்கற செல்லைத் தொட்டதும், உள்ளே ஒரு ரசாயனத் தூதன் கிளம்புவான் சார். அவன் வாசலைத் திறப்பான், கால்சியம் நுழையும், மூளைக்குச் சேதி போகும். அப்புறம் அதே கால்சியம் வாசலைச் சாத்திடும். அதனாலதான் எந்த நாத்தமும் கொஞ்ச நேரத்துல பழகிப்போகுது."

"மருந்து?"

"சாத்த விடாது. மூக்கு மழுங்கினவங்களுக்காகச் செஞ்சோம். மூடியைத் திறந்து ஆவி ஏறினாலே போதும்... அன்னைக்கு முழுக்க எந்த வாசனையும் பழகாது."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இயக்குநர் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். "கால் குடையுது" என்று முனகியபடி பூட்ஸைக் கழற்றினார்.

காலுறைகள் வெளிப்பட்டன.

இருவர் கைகளும் ஒரே நேரத்தில் மூக்குக்குப் பறந்தன!

இன்ஸ்பெக்டரோ எதையும் கவனியாதவர்போல, யார் எப்போது வந்தார், சாவி யாரிடம் என்று ஆற அமர விசாரித்தார். பதில் சொல்லச் சொல்ல, அவளுடைய கை தானாகவே கீழே இறங்கிற்று.

இயக்குநரின் கை இறங்கவில்லை. கண்களில் நீர் வழிந்தது.

"சார்... தயவுபண்ணி பூட்ஸை மாட்டுங்க. இந்த நாத்தத்துல இவ எப்படித்தான் உட்கார்ந்திருக்காளோ."

"எந்த நாத்தம்?" அவள் விழித்தாள். "முதல்ல வந்துச்சு. இப்ப இல்லையே..."

சொன்னவள் சட்டென்று நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தாள்.

அவர் முகம் வெளுத்தது.

"கோட்டைக் கழட்டுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

உட்பையில் ஒரு சிறு பாட்டில், நிறைய மருந்தோடு.

"போலாமா?"

"வரேன்," என்றார் இயக்குநர், மூக்கைப் பிடித்தபடியே. "முதல்ல அந்தக் காலுறையைத் துவைக்கப் போடுங்க."

"வீட்டம்மாவும் இதையேதான் சொல்றா." இன்ஸ்பெக்டர் பூட்ஸை மாட்டிக்கொண்டார். "இனிமே முடியாது சார். இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய சாட்சி."