பொட்டு வைத்ததும் போன அம்மன்

மாரண்டஹள்ளி கடைவீதியில் கலைமதியின் டி.டி.பி. கடை இருக்கிறது. அங்கே உள்ள மின்விசிறி எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்றால், அதன் இறக்கையில் ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் வளர்ந்து பறந்து போய்விட்டன. ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது நானே பார்த்தேன். நம்பாதவர்கள் அந்தக் குருவியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, கலைமதி காகிதம் வாங்கப் பாலக்கோட்டுக்குப் போயிருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் அவள் மகள் யுவராணி கடையைப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்.

கணினித் திரையில் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் தயாராக இருந்தது. நோட்டீஸ் என்றால் ஒற்றைத் தாள் இல்லை, சின்னப் புத்தகம் மாதிரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அம்மன் படம், அடியில் பக்க எண். தலையில் அம்மன் இல்லாத நோட்டீஸை அந்த ஊரில் யாரும் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

விழாக்குழுத் தலைவர் சென்னப்பன் வந்து பார்த்துச் சரி என்றால் அன்றைக்கே அச்சடிக்கலாம். கடைக்குக் கிடைத்த முதல் திருவிழா வேலை அது. இது நன்றாக அமைந்தால் பக்கத்து ஊர்களும் தேடி வரும். கலைமதி இதையெல்லாம் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சென்னப்பனுக்கு முன்னால் குள்ளம்மாள் வந்தாள். பக்கத்தில் பூக்கட்டி விற்கிறவள். வெள்ளிக்கிழமை தோறும் இந்தக் கடைக்குப் பூசை போடுவதும் அவள்தான். கணினிக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, மவுஸுக்கும் பொட்டு. பொட்டு வைப்பதில் அவள் விரலுக்கு அப்படி ஒரு வேகம். ஒருமுறை பறக்கிற கொசுவுக்கே வைத்துவிட்டாள். அந்தக் கொசு அதன்பிறகு யாரையும் கடித்ததில்லை.

கற்பூரம் அணைவதற்குள் சென்னப்பன் வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"அம்மன் எங்க பாப்பா?"

யுவராணி பார்த்தாள். எழுத்து இருந்தது. அம்மன் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை.

"காலையில இருந்துச்சுங்க, பெரியப்பா."

"காலையில இருந்த சாமி இப்ப இல்லன்னா என்ன அர்த்தம்? இந்தக் கடை அதுக்குப் புடிக்கல. நான் பாலக்கோட்டுலயே குடுத்துக்கறேன்."

குள்ளம்மாள் கற்பூரத் தட்டை வைத்துவிட்டு மூலைக்கு ஒதுங்கினாள். "நான் பொட்டு வெச்சப்புறம்தான் போயிருக்குது. எங்கையிலதான் ஏதோ தப்பு" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

யுவராணிக்கு அழுகை வந்தது. அதைப் பிறகு அழுதுகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள். இப்போது வேலை இருந்தது. சென்னப்பனிடம் கொஞ்ச நேரம் கேட்டாள். அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாரே தவிர, கிளம்பவில்லை.

திரையின் மேலே வியூ என்று எழுதியிருந்த இடத்தைத் திறந்தாள். ஒரே நோட்டீஸைப் பலவிதமாகப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒன்றை அழுத்தினால் நோட்டீஸ் விரித்த புத்தகம் போல ஆனது. இன்னொன்றில் வரிகள் ஓசூர் சாலை மாதிரி நீண்டன. வேறொன்றில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கடுகு போல ஒரு புள்ளி. எதிலும் அம்மன் இல்லை. பழையபடி திரும்பி வந்தாள்.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. பக்க எண்களும் இல்லை.

"பெரியப்பா, சாமிக்குக் கோவம்னா சாமி மட்டுந்தான போவும்? பக்க நம்பரையும் எதுக்குக் கூட்டிட்டுப் போவுது?"

சென்னப்பன் குனிந்து பக்கத்தின் அடியைப் பார்த்தார்.  

அச்சடித்தால் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டுகிற பக்கத்தை யுவராணி திறந்தாள். அங்கே அம்மன் சூலத்தோடு, எலுமிச்சை மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அடியில் பக்க எண்ணும் இருந்தது.

"நோட்டீஸ்ல இருக்காங்க. நாம பாக்கற பார்வையிலதான் மறைஞ்சிருக்காங்க" என்றாள் யுவராணி.

சென்னப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குள்ளம்மாள் மட்டும் மூலையிலேயே நின்றாள். "இருந்தாலும் எங்கை பட்டுத்தான மறைஞ்சுது" என்று முணுமுணுத்தாள்.

யுவராணி மீண்டும் நோட்டீஸுக்கு வந்தாள். பக்கங்களுக்கு நடுவே வழக்கமாக ஓர் இடைவெளி இருக்கும். இப்போது அதைக் காணோம். அம்மனும் பக்க எண்ணும் இருக்கிற மேல், கீழ் ஓரமெல்லாம் மடிந்து, ஒரு பக்கத்தோடு அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கோடுதான் மிச்சம். மவுஸின் இடது பொத்தானில் குங்குமம் ஈரமாக இருந்தது. திரையில் மவுஸின் அம்பு அந்த இடைவெளியில் நின்றிருந்த நேரம் பார்த்து, குள்ளம்மாள் விரலால் சந்தனத்துக்கு ஒரு தட்டு, குங்குமத்துக்கு ஒரு தட்டு விழுந்து, ஓரங்கள் மடிந்திருக்கின்றன.

அவளே தட்டிச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. அம்பைக் கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அத்தை, இங்க வாங்க. பொட்டு வெக்கிறாப்பலயே சட்டுச் சட்டுனு ரெண்டு தட்டு தட்டுங்க."

"நானா? வேணாங் கண்ணு."

"உங்க கையாலதான் வரணும்."

குள்ளம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தட்டினாள். பக்கங்கள் விலகி இடம் விட்டன. நடுவில் அம்மன் வந்து உட்கார்ந்தாள்.

குள்ளம்மாள் கண்ணைத் திறந்தாள்.   சென்னப்பன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "உங்கம்மா வந்ததும் அச்சடிக்கச் சொல்லு. அடுத்த ஊர்க்காரங்களையும் இங்கயே அனுப்பறேன்" என்றார்.

"போனாலும் எங்கையால திரும்பி வருமா?" என்று குள்ளம்மாள் கேட்டாள். யுவராணி அம்பைச் சரியான இடத்தில் நிறுத்தினாள். ரெண்டு தட்டு, அம்மன் போனாள். ரெண்டு தட்டு, அம்மன் வந்தாள். குள்ளம்மாள் சிரித்தாள். இன்னொரு தடவை. அப்புறம் இன்னும் ஒரு தடவை.

"போதும் வுடும்மா, சாமிக்குக் காலு வலிக்கும்" என்றார் சென்னப்பன்.

அன்றைக்கு அம்மன் போய்ப் போய் வந்த தூரத்தைச் சேர்த்து வைத்தால் மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் வரும். ரயிலைக்கூடப் பிடித்திருக்கலாம். ஆனால் அவள் கடையிலேயே இருந்துகொண்டாள்.