பூனை இல்லாத தொடர்

ஆத்தூரில் மழையோடு சேர்ந்து அவனும் பேருந்தில் ஏறினான்...

தோளில் ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. உட்கார இடமில்லை. கட்டை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தவன், வேல்விழியின் காலடியில் இறக்கினான். வடிந்த தண்ணீர் அவள் பாதத்தைத் தொட, அவள் துள்ள, கைப்பேசியிலிருந்து இயர்போன் கழன்று விழுந்தது. அவ்வளவுதான். ஒரு ஜப்பானியப் பெண்ணின் அழுகை பேருந்து முழுக்கக் கேட்டது.

முன் இருக்கை அம்மா பதறிப்போய் யார் செத்தது என்று விசாரித்தார்.

"யாரும் சாகலம்மா. முட்டை கருகிப் போச்சு," என்றான் அவன்.

வேல்விழி நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி தொங்க, சிரிப்பை ஒளிக்கத் தெரியாத இரண்டு கண்கள்... திட்ட வாயைத் திறந்தவளுக்குத் திட்டு மறந்துபோயிற்று.

"நீங்களும் இந்த சீரியல் பாக்கியளா?"

"பின்ன? ஒண்ணு விடாம."

அவளால் நம்ப முடியவில்லை. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் அக்காவும் தங்கையும் சாப்பாட்டுக் கடை நடத்துகிற கதை அது. கொலை கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. கத்தரிக்காய் வாடிவிட்டால் அதுதான் அன்றைய பெரிய சோகம். பாளையங்கோட்டை விடுதியில் அவளும் ஐஸ்வர்யாவும் ஒரே போர்வைக்குள் இப்படிப்பட்ட தொடர்களைப் பார்த்துத்தான் கல்லூரியை முடித்தார்கள். பிறகு ஐஸ்வர்யா வங்கி வேலைக்குப் போனாள். கொலையும் துப்பறிதலுமாக அவள் பார்ப்பது மாறியது. பேச ஒன்றுமில்லாமல் பேச்சும் குறைந்து, பிறந்தநாள் வாழ்த்தில் வந்து நின்றது. ரசனை போனால் தோழியும் போய்விடுவாள் போலிருக்கிறது என்று வேல்விழி எத்தனையோ முறை நினைத்து வருந்தியிருக்கிறாள்.

இப்போது கடவுளே பார்த்து ஓர் ஆளை ஏற்றிவிட்டிருக்கிறார்... வெற்றிலைக் கட்டோடு!

பெயர் சிவனணைந்தபெருமாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிறுத்தம் வந்துவிடும். வீட்டில் பெருமாள். அப்பாவுக்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால். இவனுக்கு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணவாய் மீனின் தரம் பார்க்கிற வேலை. அவளுக்குத் துறைமுகச் சாலையில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கிற ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. தினமும் ஒரே பேருந்து. அவன் பின் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்துகொள்வான். அவள் கதை சொல்வாள். அவன் "ஆமா... அருமையான சீன்லா?" என்பான். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொன்னான்.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒருநாள் திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் பூனை செத்த எபிசோட்ல நான் தேம்பித் தேம்பி அழுதேன்."

"நானுந்தான். அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல."

அந்தத் தொடரில் பூனையே கிடையாது.

அவள் கண்களில் மின்னல் வெட்டியது. முதல் நாள் தன் கைப்பேசியில் ஓடிய ஆங்கில வசன வரியை எட்டிப் படித்துத்தான் முட்டை கருகியதைச் சொல்லியிருக்கிறான்! இத்தனை நாளும் ஒரு பொய்யனிடமா மனசைக் கொட்டினேன்...

"இனிமே என்கிட்ட பேசாதிய."

மறுநாளிலிருந்து அவள் அதற்கு முன்னால் போகிற பேருந்துக்கு மாறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தொடரும் இருந்தது. ஆனால் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மனசு தாங்காமல் ஐஸ்வர்யாவை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஐஸ்வர்யா பூனைக் கதை வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏளா, எனக்கும் அந்த சீரியல்லாம் என்னைக்குமே பிடிச்சதில்ல. வெங்காயம் நறுக்குததை அரைமணி நேரம் எவ பாப்பா? நீ பாத்துச் சிரிப்பல்லா, அதைப் பாக்கத்தான் பக்கத்துல உக்காந்தேன்."

வேல்விழி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பின்ன ஏன் போனே பண்ணல?"

"நீ ஏன் பண்ணல?"

இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சாயங்காலம் வரை பேசினார்கள், தொடரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

திங்கட்கிழமை வேல்விழி பழைய பேருந்திலேயே ஏறினாள். ஆத்தூரில் ஏறிய பெருமாள் அவளைப் பார்த்ததும் ஓட்டுநர் பக்கம் போய் ஒண்டிக்கொண்டான். கண்கள் சிவந்திருந்தன. அவள் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. தனக்குத்தான்... வந்து இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்போடு உட்கார்ந்தான்.

"முழுசும் பாத்துட்டேன். பூனை வரும் வரும்னு கடைசி வரைக்கும் பாத்தேன்... வரவே இல்ல."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிடித்ததா என்று கேட்டாள்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன். நடுவுல தூங்கிட்டேன். ஆனா தங்கச்சி ஊரை விட்டுப் போகையில அக்கா ஒரு பொட்டலம் கூடுதலா கட்டுதால்லா... அங்கன மட்டும் என்னமோ செஞ்சிட்டு."

அவளுக்கும் மனசைத் தொட்டது அந்த இடம்தான். ஆனால் சொல்லவில்லை. அவனுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டாள். அவன் கூச்சத்தோடு கைப்பேசியை நீட்டினான். எட்டயபுரம் பக்கம் நடந்த மாட்டுவண்டிப் பந்தயம். அவள் தலையைச் சாய்த்து உன்னிப்பாகப் பார்த்தாள். புழுதி. கூச்சல். மறுபடியும் புழுதி. ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வந்தன, போயின. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாருக்கா?" என்றான் ஆசையாக.

"எனக்கு ஒரு எழவும் புரியல," என்றாள் வேல்விழி. பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக... "உங்களத்தான் பிடிச்சிருக்கு."

பெருமாளுக்குப் பேச்சு வர ஒரு பாலம் கடக்க வேண்டியிருந்தது.

"எனக்கு... நனைஞ்ச காலைத் தூக்கிக்கிட்டு என்னை முறைச்சியல்லா... அப்பவே."

அவள் முகம் சிவந்தது. அவன் பாதி உடம்பிலிருந்து முழு உடம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தான். கைப்பேசியில் கூட்டம் விசிலடித்தது. எந்த வண்டி ஜெயித்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.