ஜெனோவாவின் உள்ளங்கை

மீன் வெட்டும் கூடத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவள் ஜெனோவா ஒருத்திதான். மற்ற பெண்களின் கைகளில் ஈரப்படலம் மினுங்கியது. அது உயிருள்ள சவ்வு. வெட்டுப்பட்ட இடத்துக்கு ஊர்ந்துபோய் மூடி, புண்ணைக் காயவிடாமல் வைத்திருக்கும். பொருக்கு தட்டாது, அந்த ஈரத்தில் புதுத்தோல் தடையில்லாமல் பரவும். காலையில் பட்ட வெட்டு மதியச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். தழும்புகூட மிஞ்சாது.

ஜெனோவாவுக்கு அது தேவைப்படவில்லை. காய்த்துப்போன அவளுடைய உள்ளங்கையில் சீலா மீனின் பல்கூட இறங்காது. கீறல் பட்டால் மஞ்சள் அப்பிக் காற்றாட விடுவாள். அந்தக் கைக்கு வீட்டில்தான் மதிப்பில்லை. கன்னத்தைத் தொட்டால், உறுத்துகிறதென்று மகள் அனிலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் பெருவிரல் இடுக்கில், காய்ப்பு ஏறாத இடமாகப் பார்த்துக் கெளுத்தி முள் குத்தியது. வழக்கம்போல் திறந்தே விட்டாள். மேலே பொருக்கு கட்டியது. அடியில் சீழ் பிடித்தது. கத்தி பிடிக்க முடியாமல் கை வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் நப்பின்னை சீழை எடுத்தார். இனியும் மூடாமல் விட்டால் விரல் தங்காது என்றார்.

"புண்ண மட்டும் மூடுங்க டாக்டர். மத்த எடத்துல படாம."

"அது நாம சொல்றதைக் கேக்காதும்மா. தோல் எங்கெல்லாம் கெட்டிருக்குன்னு அதுவே தேடிப்போகும்."

"எங்கையில வேற ஒண்ணும் கெடலையே."

மருத்துவர் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு படலத்தை எடுத்துப் புண்ணில் வைத்தார்.

விரல் ஆறியது. படலம் அதோடு நிற்கவில்லை. காய்ப்பும் அதற்கு ஆறாத புண்தான். உள்ளங்கை முழுவதும் படர்ந்து, வருடக்கணக்கில் ஏறிய தடிப்பைக் கரைத்துவிட்டு உதிர்ந்தது. அடியில், பிறந்த குழந்தையின் பாதம்போல் சிவந்த தோல்.

கூடத்துக்குத் திரும்பிய அன்று, முதல் மீனின் செதிலே கையைக் கிழித்தது. பக்கத்தில் இருந்த அமலி தன் படலச் சிமிழை நீட்டினாள்.

"எட்டி, ஒட்டிக்கோ. ஒருக்கா தொட்டாச்சுன்னா பெறவு இது இல்லாம முடியாது."

"மூடாம விட்டா மறுபடி காய்க்காதா?"

"காய்க்கும். அது வரைக்கும் வலி தாங்கணும்லா. எங்கள்ல எவ தாங்குனா?"

ஜெனோவா சிமிழைத் தள்ளிவிட்டாள். தான் தாங்குவதாகச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வரை வெறுங்கையோடு வெட்டினாள். கைப்பிடி வழுக்கும்போதெல்லாம் இரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அனிலாவின் கன்னத்தைப் பழக்கத்தில் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுக்கப் போனாள். அனிலா விடவில்லை. அந்தக் கையை இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கீறல்கள் எரிந்தன. ஜெனோவா கையை எடுக்கவில்லை.

மறுநாள் கத்தியைத் தொடுவதற்கு முன் அவள் அமலியிடம் கையை நீட்டினாள். அமலி சிமிழைத் திறந்தாள்.