ஒரு டின்னில் நீலம், ஒரு டின்னில் ரோஸ்

1988. சனிக்கிழமை, காலை 11.10.

ஈப்போ பக்கத்துச் செமோருக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டித் தீர்த்துவிட்ட தோட்டத்தின் கடைசி லயன் வீடு. பிஸ்கட் டின்னின் மூடியைச் சுற்றிப் பூசியிருந்த மெழுகை நவமணி கத்தியால் சுரண்டினாள். ஐந்து வருடம் கழித்து மூடி திறந்தது. உள்ளே டிவியில் மாட்டும் சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது, ஒயர்கள் இருந்தன, கேசட் மட்டும் இல்லை.

அந்தக் கேசட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் பிளாஸ்டிக் பெட்டி. 1983-இல் நவமணி எழுதிய புரோகிராம் அதில்தான் இருந்தது. விசையை அழுத்தினால் டிவியில் ஒரு தமிழ் எழுத்து வரும், பக்கத்தில் அதற்கொரு படமும் வரும். பினாங்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, எட்டுப் பெண்கள் படுக்கும் அறையில் இதை எங்கே வைப்பது என்று அண்ணன் வீட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போனாள்.

இன்று மாலை நான்கு மணிக்கு ஈப்போவில் கம்ப்யூட்டர் கண்காட்சி. லைனில் நின்று சாலிடர் வைக்கும் இந்தப் பெண் நிஜமாகவே புரோகிராம் எழுதுவாளா என்று பார்க்க அவளுடைய தொழிற்சாலை மேனேஜர் வருகிறார். ஓட்டிக் காட்டினால் புது வேலை. காட்டாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அதே லைன், அதே புகை.

11.25. பக்கத்து வீட்டு இருதயமேரி தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டாள். போலீஸ் கார்ப்பரல். அன்று அவளுக்கு லீவு. உடம்புக்குத்தான் லீவு, மூக்குக்குக் கிடையாது!

வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அண்ணன் கார்த்திகேசு, ஈயச் சுரங்கக் கொட்டகைத் தொழிலாளி. அண்ணி ராக்காயி, பத்து வயதிலேயே ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனவள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மூன்றாவது ஆள் ரேடியோ ரிப்பேர் உடையப்பன். அந்தக் கம்ப்யூட்டரை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை மூக்குடைபட்டவன், வேடிக்கை பார்க்க வந்திருந்தான். டின்னை யாரும் தொடவேயில்லை என்று மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

நவமணியே அதை ஒப்புக்கொண்டாள். ஈரம் உறிஞ்சுவதற்காக உள்ளே போட்ட சிலிக்கா மணிகளைக் கையில் அள்ளிக் காட்டினாள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஸ். போட்ட அன்று எப்படியோ அப்படியே நீலமாக இருந்தன. அப்புறம் யார் திறந்திருக்க முடியும்?

"நீ கேசட்டை உள்ளயே வைக்கலையோ என்னவோ," என்றார் கார்த்திகேசு. நவமணிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. ஒருவேளை அப்படித்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை.

மேரி மூடியைத் திருப்பினாள். உள்பக்கத்தில் நவமணி கைப்பட எழுதி ஒட்டிய தாள்: "பேட்டரியை எடுத்து விடு. ரப்பர் பேண்டு போடாதே, உருகி ஒட்டும். கேசட்டைப் படுக்க வைக்காதே, நிறுத்தி வை. மணி ரோஸ் ஆனால் சட்டியில் இளஞ்சூட்டில் வறு, நீலம் திரும்பும்."

"இது ஒண்ணுதான் டின்னா?"

இன்னொன்றும் இருந்தது. புத்தகங்கள் வைத்த டின். அதே நாள், அதே மெழுகு, அதே அலமாரி. திறந்தார்கள். உள்ளே இருந்த மணிகள் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன.

மேரிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்கவில்லை, விசாரணையை ஆரம்பித்தாள்.

11.50. உடையப்பனிடம் மூடியை நீட்டினாள்.

"படி."

"நான் இங்கிலீஷ் ஸ்கூல்லா. தமிழ் படிக்க வராது."

11.55. கார்த்திகேசு.

"அண்ணே, உங்க வீட்டுக் குவாலிய எடுத்துட்டு வாங்க."

மனிதர் அடுப்படியில் இரண்டு கதவுகளைத் தவறாகத் திறந்து, கடைசியில் வறுக்கிற குவாலிக்குப் பதில் ஒரு குழம்புச் சட்டியோடு வந்தார். இருபது வருடக் குடும்பஸ்தர்!

12.15. மேரி தன் வீட்டிலிருந்து நோட்டும் மசிப்பெட்டியும் கொண்டுவந்து, ராக்காயி சொல்லச் சொல்ல ஏதோ எழுதினாள். வாசித்துக் காட்டவில்லை. மசிப்பெட்டியைத் தள்ளி, கட்டை விரலை வைக்கச் சொன்னாள். ராக்காயி விரலை மசியில் அழுத்தினாள். தாளின் பக்கம் கொண்டு போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"வைங்கக்கா."

"அவரு எடுக்கலை, மேரி."

"யாரு எடுத்தான்னு நான் ஒண்ணும் சொல்லலையே."

நோட்டைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். ஒரே ஒரு வரி இருந்தது: "கேசட்டை எடுத்தது கார்த்திகேசு."

மேரி விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஒரே நாளில் மூடிய இரண்டு டின்களில் ஒன்று ரோஸ், ஒன்று நீலம். ரோஸ்தான் யாரும் தொடாத டின். நீலத்தை யாரோ திறந்து, மணியை வறுத்துப் போட்டு, மறுபடி மெழுகு பூசியிருக்கிறார்கள். திருட வருகிறவன் எங்கேயாவது மெனக்கெட்டு மணி வறுப்பானா? அந்தப் பொருள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறவர்தான் வறுப்பார். அதற்குத் தாளைப் படிக்கத் தெரிய வேண்டும், குவாலி எங்கே இருக்கிறதென்றும் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்கு அடுப்படி தெரியாது. மிச்சம் இருப்பவருக்குப் படிப்பே தெரியாது என்று ஊரே சொல்கிறது.

"தெரியுமா தெரியாதான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

ராக்காயி அடுக்களைக்குப் போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டாள். பருத்தித் துணியில் சுற்றிய கேசட் வந்தது. அரிசிக்குள்ளும் அதைப் படுக்கப் போடவில்லை, நிறுத்தித்தான் வைத்திருந்தாள்.

நவமணி புரோகிராம் எழுதிய நாட்களில் ராக்காயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே எந்த ஒயர் எங்கே என்று பார்த்து வைத்திருந்தாள். போன வருடம் ஒருநாள், புருஷன் வேலைக்குப் போனதும் டின்னைத் திறந்தாள். அப்புறம் தினம் ஒரு எழுத்து.

"மூடியில இருந்தது மொதல்ல வெறும் கிறுக்கலா தெரிஞ்சிச்சு. ஒருநாள் அதைப் படிச்சிட்டேன். நான் பொறந்ததுலேருந்து மொத மொத படிச்சது அந்தப் பேப்பருதான். அது சொன்னபடி செஞ்சேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா அண்ணி?" நவமணிக்குக் கோபம் தீரவில்லை.

"நாப்பது வயசுல அ, ஆ படிக்கிறேன்னு யாருகிட்ட சொல்ல? நீ வாரேன்னு எழுதின, மெஷினைக் கொண்டு போயிடுவ. எனக்கு இன்னும் நாலு எழுத்து பாக்கி. கேசட் இல்லாட்டி நீ அதை விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன். உன் வேலைக்கே உலை வைக்கிறேன்னு தெரியாதும்மா."

நவமணி கேசட்டை டின்னுக்குள் நிறுத்தி வைத்தாள். பிறகு, அண்ணியை நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பச் சொன்னாள்.

மாலை 4.20, ஈப்போ. திரையில் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. மேனேஜர் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுனால யாருக்கு என்ன பிரயோசனம்?"

நவமணி பதில் சொல்லுமுன் ராக்காயி முந்திக்கொண்டாள். மேசையில் இருந்த வருகையாளர் புத்தகத்தை இழுத்துப் பேனாவை எடுத்தாள். நான்கு எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆனது: ராக்காயி. பக்கத்தில் கட்டை விரல் மசி லேசாக ஒட்டிக்கொண்டது.

இந்தப் புரோகிராமில் படித்துத்தான் அண்ணி எழுதுகிறாள் என்று நவமணி சொன்னாள். மேனேஜர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை லைனுக்குப் போக வேண்டாம், நேரே தன் அறைக்கு வர வேண்டும் என்றார்.

இரவு ஏழு மணிக்கு நவமணி பினாங்குக்குப் பஸ் ஏறினாள். கம்ப்யூட்டர் செமோருக்கே திரும்பியது. ரோஸ் மணிகளை வறுக்கும் வேலை கார்த்திகேசுவின் தலையில் விழுந்தது. குவாலி எங்கே என்று அவர் கேட்டார். ராக்காயி காதில் வாங்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து, பாக்கி இருந்த நாலில் ஒன்றான 'ழ'வை அழுத்தினாள்.