சுண்டு போட்ட மஞ்சள் சீட்டு

அப்பாவின் சலவைக் கடையில் சுண்டுவுக்கு ஒரே ஒரு வேலைதான். ஆனால் அவளைக் கேட்டால், கடையே அந்த வேலையில்தான் நிற்கிறது என்பாள். துணி இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, பத்து வயதுக்குள் அவள் கண்டெடுத்தவை கொஞ்சநஞ்சமல்ல. சாவி, பேருந்துச் சீட்டு, பாதி கடித்த பிஸ்கட், ஒருமுறை யாருடையதோ பல் செட்!

எது கிடைத்தாலும் உறையில் போட்டு, மஞ்சள் சீட்டில் துணியின் எண்ணை எழுதி ஒட்டி, உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். "மூணாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. அதுதான் நம்ம கடை மரியாதை" என்பார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை மதியம் அண்ணனின் கால்சட்டையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை கிடைத்தது. உள்ளே மூன்று வெள்ளை மாத்திரைகள். அட்டை இல்லை, பெயர் இல்லை.

சுண்டு பையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் தெருக்காரர்கள் கூடும் மன்றத்தில் நர்ஸ் அக்கா போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "பேரில்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. உள்ள என்ன இருக்குன்னு கொடுக்கிறவனுக்கே தெரியாது. ஒண்ணே ஒண்ணுகூட ஆளைச் சாய்ச்சிடலாம்."

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் அப்பா காதுக்குப் போகும். போன வருடம் அப்பா ஓர் அறை விட்டதற்கே அண்ணன் வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான். அம்மா அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை. இந்த முறை போனால் திரும்பி வருவானா? சரி, சொல்லாமல் இருந்தால்? அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மன்றத்தில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். சனிக்கிழமை மாலை பந்தாட்டத்துக்கு முன் நர்ஸ் அக்கா பெட்டியைத் திறந்து, எல்லார் முன்னாலும் படித்துப் பதில் சொல்வார்.

சுண்டு எழுதினாள்: "என் அண்ணன் பாக்கெட்டில் பெயரில்லாத மாத்திரை இருக்கிறது. அவன் செத்துப் போவானா? திட்டாமல் காப்பாற்ற வழி உண்டா?" மாத்திரையை உறையில் போட்டுத் தன் கவுன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். ஓடிப்போய்ப் பெட்டியில் கேள்வியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கடை மேசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஐயையோ! பழக்க தோஷத்தில் கடைச் சீட்டிலேயே எழுதிவிட்டாள். மஞ்சள் நிறம், மூலையில் இஸ்திரிப் பெட்டிப் படம். தெருவில் அந்தச் சீட்டு வராத வீடே கிடையாது!

மறுபடி ஓடினாள். பெட்டியில் பூட்டு தொங்கியது. கூடம் அதற்குள் நிரம்பிவிட்டது. முன் வரிசையில் அம்மா. கடைசி வரிசையில், விளையாட்டு உடையில் அண்ணன். பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கும் விசில் மாமா ஒரு காலத்தில் பேருந்து நடத்துனராக இருந்தவர். "உள்ள நகருங்க, படியில நிக்காதீங்க!" என்றார். படியே இல்லாத கூடம் அது. எல்லாரும் சிரித்தார்கள். சுண்டு மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அக்கா பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். பெட்டிக்குள் மஞ்சளாக ஒரு மூலை எட்டிப் பார்த்தது.

கிடைத்ததை உரியவரிடம் அல்லவா கொடுக்க வேண்டும்? அவளோ ஊருக்கே கொடுத்துவிட்டாளே! சுண்டு கடைசி வரிசைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அங்க ஒரு மஞ்சள் சீட்டு இருக்கு பாரு. அது நான் எழுதினது. உன் பாக்கெட்ல இருந்ததைப் பத்தி."

அண்ணன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "உனக்கென்ன பைத்தியமா? யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எங்க அது? கொடு."

"மாட்டேன்." அவள் தன் பாக்கெட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். "என்னை அடிச்சாலும் பரவாயில்ல. வீட்டை விட்டு மட்டும் போயிடாத."

அண்ணன் எழுந்து கதவைப் பார்த்தான். சுண்டு அவன் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்தாள். போய்விடுவானோ? போயே விடுவானோ?

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"நாலு இருந்துச்சு" என்றான். "போன ஆட்டத்துக்கு ஒண்ணு போட்டேன். ஆடும்போது களைப்பே தெரியாதுன்னு ஒரு பெரிய பையன் கொடுத்தான். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. செத்தே போயிடுவேன்னு நினைச்சேன். இன்னிக்கும் போடச் சொல்லி வாசல்ல நிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு சுண்டு."

பாம்பைக் கண்டால்கூடப் பயப்படாத அண்ணன்! சுண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான். வா, ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்" என்றாள் சுண்டு.

நர்ஸ் அக்கா மஞ்சள் சீட்டை எடுத்தார். மூலையிலிருந்த படத்தைப் பார்த்ததும் சீட்டைச் சட்டென்று உள்ளங்கையால் மறைத்தார். அதற்குள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, அதைப் படிக்க வேண்டாம். அது எங்க வீட்டுக் கேள்வி. நானே வந்து சொல்றேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். சுண்டு உறையை அண்ணன் கையில் வைத்தாள். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

பக்கத்து அறையில் நர்ஸ் அக்கா, அம்மா, விசில் மாமா மூவரிடமும் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா அழுதாள், ஆனால் அவன் கையை விடவில்லை. நர்ஸ் அக்கா உறையை வாங்கிப் பூட்டி வைத்தார். விசில் மாமா சிரிக்காமல் அந்தப் பெரிய பையனைத் தேடி வாசலை நோக்கிப் போனார். இன்றைக்கு ஆட்டம் கிடையாது, முதலில் டாக்டர்தான் என்று முடிவாயிற்று.

"அப்பா?" என்றான் அண்ணன்.

"நான் பேசிக்கறேன்டா" என்றாள் அம்மா.

அப்பா அடிக்கவில்லை. ஒரே சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டார். பிறகு அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை துணிக் குவியலில் அண்ணனின் கால்சட்டை வந்தது. சுண்டு அதை மெல்ல இழுத்தெடுத்தாள்.

இரண்டு பாக்கெட்டுகளையும் அண்ணனே வெளியே இழுத்துவிட்டிருந்தான். அவை நாக்கை நீட்டி அவளுக்குப் பழிப்புக் காட்டின. சுண்டுவும் பதிலுக்கு நாக்கை நீட்டிவிட்டு, கால்சட்டையை இயந்திரத்துக்குள் போட்டாள்.