தாமதமாக வரும் படம்

உலகோர் அனைவருக்கும் பணிவுடன் அறிவிப்பது: மனித குலம் இதுவரை கண்டிராத வேகத்தை இனிக் காணப்போகிறது. அதற்கான புதிய மென்பொருளை நிறுவனம் எல்லா ஊழியர்களின் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டது. இந்தச் சரித்திரச் செய்தியை மேலாளர் வீடியோ மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணக்காளரின் திரையில் அவர் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றார், பல் பிடுங்க வந்தவரைப் போல.

கணக்காளரின் கம்ப்யூட்டர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. அதில் இந்த மென்பொருளை ஏற்றியது கழுதை மேல் யானையை ஏற்றிய கதை. உள்ளே விசிறி இரைந்தது. சுட்ட தூசியின் வாடை அறை முழுவதும் பரவியது. திரையின் மூலையில் அவருடைய முகம் தெரியும் சின்னப் பெட்டி மட்டும் ஓடியது, அதுவும் தாமதமாக. அவர் காதைச் சொறிந்து, கையை இறக்கி, மேசையில் வைத்த பிறகுதான் பெட்டிக்குள் இருந்தவர் காதைச் சொறிய ஆரம்பித்தார்.

"என்ன ஆமை சார், இன்னிக்காவது உங்க குரல் உங்ககூடவே வருமா?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். கணக்காளரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்ததோ.

முதுகுக்குப் பின்னால், சுவரோரக் கட்டிலில், ஐந்து வயது மகள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி நர்ஸ், ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்ட். வெளியே மழை, ஜன்னல் கண்ணாடியில் அந்தியின் கடைசி வெளிச்சம், குழந்தையின் சீரற்ற மூச்சு. பெட்டிக்குள் அவள் போர்வை இடுப்பிலிருந்து கழுத்துவரை மெல்ல ஏறியது, யாரோ பதமாக இழுத்துவிட்டது போல.

சட்டென்று திரும்பினார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை கழுத்துவரை இருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தபோது கட்டில் ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரும்பினார். யாருமில்லை. மெத்தை மட்டும் ஓரிடத்தில் குழிந்து, மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

மைக்கை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, படம் பிந்தி வருவதைச் சொன்னார்.

"மாமா, அந்த சாஃப்ட்வேர் அஞ்சாள் சாப்பாட்ட ஒத்தையா தின்னும். உங்க மெஷின்ல ராம் மெமரி எங்க இருக்கு? பழைய படம் அழியாம புதுசு மேல ஒட்டிக்குது. வேண்டாததையெல்லாம் மூடுங்க, நிழல் போயிடும்."

"கட்டில்ல யாரோ உக்காந்திருக்காங்கடா."

"அது நீங்கதான் மாமா!"

வாஸ்தவம். மருந்து கொடுக்கக் காலையில் அங்கேதான் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. காலையில் கம்ப்யூட்டரே போடவில்லை என்பது, போனை வைத்த பிறகு, தாமதமாகத்தான் உறைத்தது.

பெட்டியில் தெரிவது எல்லாம் முடிந்துபோனது. பார்த்துத் திரும்புவதற்குள் அது வேறெங்கோ போய்விடுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் இந்த நொடி அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எப்படித் திரும்புவது?

மூட ஆரம்பித்தார். கணக்குகளை மூடினார். பாட்டை மூடினார். திறந்து கிடந்த இணையப் பக்கங்களை மூடினார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்த வைரஸ் தடுப்பையும் மூடினார்.

விசிறியின் இரைச்சல் தணிந்தது. தாமதம் குறைந்தது.

பெட்டிக்குள் அது எழுந்தது. நீளமாக. கூரையில் இடித்துவிடாமல் தலையைச் சாய்த்துக்கொண்டது. குனிந்தது. போர்வையை விலக்கியது.

இன்னும் ஒன்றை மூடினார்.

கட்டில் காலி.

கையைத் தூக்கினார். பெட்டிக்குள்ளும் கை உயர்ந்தது. கூடவே. அதே நொடியில்.

"அட, ஆமை சார்! இப்பதான் படம் ஜம்முனு வருது," என்றார் மேலாளர். "பின்னாடி பிள்ளையத் தூக்கிட்டு நிக்கிறாங்களே, வீட்டம்மாவா?"

மழை. மூச்சு. இரண்டு மூச்சு. பிடரியில்.

பெட்டிக்குள் மகளின் தலை ஒரு தோளில் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவருடைய நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு நீண்ட கை எழுந்து, விரல்களை விரித்து, முகத்தை நோக்கி வந்தது. கண்களைப் பொத்தியது.

அவருக்கு இருட்டியது.

துளிகூடத் தாமதம் இல்லை.