யார் தலையிலும் இல்லாத விபத்து

"இந்த மாசம் உன் முறை கோமதி. நான் திருப்பி வெச்சிட்டேன்," என்றார் மகாராஜன். முகத்தில் அப்படியொரு தெளிச்சி! மனுஷன் இனி ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்குவார்.

குடிநீர் ஆலையின் குளோரின் வாயு அறையில் முத்துக்குட்டி செத்துப்போன அந்தக் காலைப்பொழுது, அன்று வேலையில் இருந்தவர்களின் தலையிலிருந்து எடுக்கப்பட்டு, நினைவுக் கிடங்கில் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. தவறு யாருடையது என்று விசாரணையில் முடிவாகவில்லை. அவரவர் நினைவை அவரவருக்கு எதிராகத் திறக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. அன்று வேலையில் இருந்த இருவரும் மாறி மாறிச் சுமக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் எடுத்தால் மற்றவருக்குப் பூட்டு. எடுத்தவருக்கு எல்லாம் நினைவில் இருக்கும், திருப்பி வைத்ததும் துடைத்தாற்போல் போய்விடும். மங்கிய இடங்களைச் சரிசெய்யலாம் என்று ஒரு சலுகை வேறு. எந்தப் புண்ணியவானின் யோசனையோ! பழைய பிரதியைச் சேமிக்க இடமில்லையாம், அதனால் கடைசியாக வைத்ததுதான் உண்மை.

கோமதி நினைவொட்டியைக் காதுக்குப் பின்னால் பொருத்தினாள். உடனே வந்துவிட்டது. வாயுக்கசிவு அபாயமணி அலறுகிறது. முத்துக்குட்டி கதவருகே தயங்கி நிற்கிறார். வாக்கிடாக்கியில் கோமதியின் குரல்: "அது சும்மா அடிக்குது முத்தண்ணே, நீங்க உள்ள போங்க." அவர் நம்பி உள்ளே போனார்.

'பாவி, நான்தானே அனுப்பினேன்' என்று அழுதாள். அழுதுகொண்டே தேடினாள். அன்றைய மேற்பார்வையாளர் மகாராஜன். ஆனால் நினைவில் அவர் எங்கேயுமே இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்! அடப்பாவி, தன்னை மட்டும் கழற்றிக்கொண்டுவிட்டாரே. அவர் செய்யலாம், நான் மட்டும் சுமக்கணுமா?

மாதக் கடைசியில் அவள் தன் குரலை அழித்தாள். இப்போது முத்துக்குட்டி தானாகவே உள்ளே போனார். 'மாற்றம் இல்லை' என்று குறித்துத் திருப்பி வைத்தாள். விபத்து அவளைவிட்டுப் போயிற்று. எதையோ அழித்தோம் என்பது மட்டும் போகவில்லை. எதை என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அந்த வாரம் சட்டம் மாறியது. இறந்தவரின் குடும்பமும் கோப்பை எடுக்கலாம்.

முத்துக்குட்டியின் மனைவி பேச்சித்தாய் அதற்காகவே காத்திருந்தவள். எடுத்தாள், பார்த்தாள், நேரே கோமதியின் வீட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னய மன்னிச்சிருங்க மேடம். மணி அந்தக் கத்து கத்துது, யாரும் போவச் சொல்லல, இந்த மனுசன் தானா உள்ள போயிருக்காரு. இது தெரியாம உங்கள எப்படியெல்லாம் ஏசிட்டேன்!"

கோமதி அவள் கைகளைப் பிடித்து இறக்கினாள். "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நான் அதுல ஒண்ண அழிச்சிட்டேன்."

"என்னத்த அழிச்சீங்க?"

கோமதி மறுபடியும் யோசித்துப் பார்த்தாள். கோப்பு பேச்சித்தாயிடம் இருந்தது. அதைத் திரும்ப வாங்கிப் பார்த்தாலும் அழித்தது அதில் இருக்கப் போவதில்லை.

"தெரியல," என்றாள். "சத்தியமாத் தெரியல. ஆனா தப்பு எம்மேலதான்."

பேச்சித்தாய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "எம்மனசு ஆறணும்னு சொல்லுதீக. உங்க நல்ல மனசு யாருக்கு வரும்? அதான் முடிவு பண்ணிட்டேன் மேடம், இத நான் திருப்பி வைக்கப் போறதில்ல. எங்க வீட்டு ஆளு செஞ்ச தப்பு, அது எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இனிமேலாச்சும் நிம்மதியா இருங்க."

மறுநாள் மகாராஜன் ஆலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். கோமதியும் கை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள்.